காயல்பட்டினத்துக் களரியும் சஹனும்: முத்துக்கரையின் சமையல் மரபு

வெளியூர்க் கல்யாணத்தில் வயிறார பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பும் காயல்வாசி, "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நம்ம களரி மாதிரி வருமா?" என்று சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதை ஊர்ப்பெருமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல நூற்றாண்டுக் கடல் வணிகமும் குடும்ப அமைப்பும் மொழியும் இருக்கின்றன. நம் உணவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எழுதி வைத்திருப்பதோ மிகக் குறைவு. தூத்துக்குடி மாவட்டத்தின் முத்துக்கரையில் இருக்கும் காயல்பட்டினத்தை மையமாக வைத்து, இம்மரபின் முக்கியக் கூறுகளைத் தொகுத்துத் தருவதும், அது தொடர நாம் செய்யக்கூடியதைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகம் தந்த ருசி

தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கரையில் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சங்க காலத்தில் கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்தது. ஆறு கொண்டுவந்த மணலால் கடல் விலக, வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, காயலைப் பெரிய நகரம் என்கிறார். ஹோர்முஸ், ஏடன் போன்ற மேற்குத் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் இங்கு நின்றதாகவும் எழுதுகிறார். அவர் கண்டது பழையகாயலா, இன்றைய காயல்பட்டினமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிஷப் கால்டுவெல் பழையகாயல் என்றே கருதினார். எப்படியானாலும் இந்தச் சுற்றுவட்டாரம்தான் அந்தத் துறைமுகம். அதே காலத்தில் பாண்டிய அரசில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் அமைச்சர் பொறுப்பில் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்திருக்கிறார்.

அரபு, பாரசீக வணிகர்கள் இங்கு வந்தார்கள். இங்குள்ள மரைக்காயர்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் மலாய் நாடுகளுக்கும் போனார்கள். 1530களில் முத்துக்குளிப்பு போர்ச்சுக்கீசியரின் பிடிக்குள் போனபிறகு கடலில் நம்மவர்களின் கை தாழ்ந்தது. ஆனாலும் வணிகம் நிற்கவில்லை. பிற்காலத்தில் காயலர்கள் இரத்தினக்கல் வணிகத்தில் கால்பதித்து கொழும்பு, மும்பை, ஜெய்ப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று பரவினார்கள்.

போய்வந்தவர்கள் பெட்டியில் சரக்கோடு சமையலையும் கொண்டுவந்தார்கள். ஒரே தட்டில் கூடி உண்ணும் அரபு வழக்கம், மாலத்தீவின் மாசி, இலங்கையோடும் தென்கிழக்காசியாவோடும் பகிர்ந்துகொள்ளும் ரம்பை இலை, போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த மிளகாய் எல்லாம் இந்த ஊர் அடுப்பில் சேர்ந்தன. அடிப்படை மட்டும் மாறவில்லை. தேங்காய், அரிசி, புளி, மீன் என்று அது இந்த மண்ணின் சமையலாகவே இருந்தது.

களரி: விருந்துக்கு ஒரு பெயர்

களரி என்ற சொல் களம், அரங்கு என்ற பொருளில் தமிழில் வழங்குவது. காயலில் அது ஊர்கூடி உண்ணும் விருந்தைக் குறிக்கிறது. கல்யாணமோ வீட்டு விசேஷமோ, "இன்னைக்கு அவங்க வீட்டுல களரி" என்றால் எல்லோருக்கும் புரியும். விருந்துக்கென்று ஆக்கும் ஆட்டுக்கறி களரிக்கறி. அதோடு நெய்ச்சோறு, பருப்பு, கத்தரிக்காய், கடைசியில் புளியாணம்.

களரிக்கறியை வீட்டுக் கறியிலிருந்து வேறுபடுத்துவது அளவும் அடுப்பும்தான். மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், இஞ்சி, பூண்டு, தேங்காய் என்று மசாலாப் பொருள்கள் எல்லா வீட்டிலும் இருப்பவையே. ஆனால் பத்துப் பேருக்கு ஆக்கும் கணக்கைப் பல நூறு பேருக்குப் பெருக்கினால் களரிக்கறி வராது. உப்பும் புளிப்பும் காரமும் அந்த அளவில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். விறகடுப்பில் பெரிய சட்டியை ஏற்றி, கறியின் தரத்தைப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைத்து, எண்ணெய் மேலே தெளியும் பதத்தில் இறக்குவது பண்டாரியின் வித்தை. எந்தப் பண்டாரியும் தராசு வைத்து மசாலா போடுவதில்லை. அவருடைய உஸ்தாதின் பக்கத்தில் பல வருடம் நின்று கண்ணால் பிடித்த கணக்கு அது. மசாலா வீட்டுக்கு வீடு, பண்டாரிக்குப் பண்டாரி மாறும். அதனால்தான் 'இது யார் கை?' என்று ஒரு வாய் சாப்பிட்டதும் சொல்லிவிடுகிற பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

களரியில் பலரும் கவனிக்காத ஒன்று புளியாணம். ரசம் போலத் தண்ணீராக இருக்கும், ஆனால் ரசம் அல்ல. நெய்யும் கொழுப்பும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கைக் கழுவி, வயிற்றை இலேசாக்கும் வேலை அதற்கு. விருந்தின் கடைசி வாய்க்கும் ஒரு யோசனை இருந்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

சஹன்: தட்டும் ஒழுக்கமும்

சஹன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். காயலிலும் கீழக்கரையிலும் விருந்து என்றால் விரிப்பில் அமர்ந்து, சிலர் சேர்ந்து ஒரு சஹனில் உண்பதுதான் வழக்கம். இலங்கை முஸ்லிம்களிடம் இதுவே சவன் என்று வழங்குகிறது. அங்கு ஒரு சவனைச் சுற்றி ஆறு பேர் வரை அமர்வார்கள். நாடு வேறு, உச்சரிப்பு வேறு, வழக்கம் ஒன்று.

சஹனில் யாரோடு உட்காருவோம் என்பது நம் கையில் இல்லை. பந்தியில் இடம் எங்கு இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டும். முதலாளியும் கடைப் பையனும், மாமனாரும் மருமகனும், நேற்றுவரை பேசாமலிருந்த இரண்டு பங்காளிகளும் ஒரே சஹனில் கை வைக்க நேரும். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவது, தன் முன்னால் இருப்பதை மட்டும் எடுப்பது, நல்ல துண்டைப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளிவைப்பது, மற்றவர் முடிக்கும்வரை கையை எடுக்காமல் இருப்பது என்று பிள்ளைகள் உணவின் அதபை எந்தப் பாடமும் இல்லாமல் இங்கேதான் கற்றுக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் கறித்துண்டைப் பிய்த்துச் சின்னப்பிள்ளையின் பக்கம் வைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பிற்பாடு தானும் அப்படியே செய்யும்.

சஹனுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சோறு மிஞ்சினால் கூடச் சாப்பிடுபவர் முடித்துவிடுவார். தனித்தட்டில் அள்ளி வைத்துக்கொண்டு பாதியை விட்டெழும் இன்றைய பழக்கத்தோடு இதை ஒப்பிட்டால், வீண்விரயத்துக்கு எதிரான ஏற்பாடு நம் வழக்கத்திலேயே இருந்தது புரியும்.

ஆணம், சோறு, பசியாறல்

உணவு மறைந்தால் சொல்லும் மறையும். தமிழ் முஸ்லிம்கள் குழம்பை ஆணம் என்பார்கள். மீனாணம், பருப்பாணம், கறியாணம், புளியாணம் என்று அது விரியும். இது வெளியிலிருந்து வந்த சொல் அல்ல. குழம்பு என்ற பொருளில் தமிழ் அகராதியில் இருக்கும் சொல்தான். பிறர் கைவிட்ட பழஞ்சொல்லை நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதேபோல் சாதம் என்று சொல்லாமல் சோறு என்போம். காலை உணவைப் பசியாறுதல் என்போம். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பதை மலேசியத் தமிழர்களிடமும் கேட்கலாம்.

அன்றாடச் சமையல் களரியைப் போலப் பகட்டானது அல்ல. சீலா, பாறை, விளமீன், ஊழி, சாளை, கணவாய் என்று கடல் அன்று எதைக் கொடுத்ததோ அதுதான் அன்றைய ஆணம். தேங்காய் அரைத்து ஊற்றியது ஒன்று, புளி மட்டும் கரைத்தது ஒன்று. எந்த மீனுக்கு எது பொருந்தும், எந்த மீன் பொரிக்க, எது கருவாட்டுக்கு என்பது தனி அறிவு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எந்த மீன், காய்ச்சல்காரருக்கு எந்தக் கஞ்சி என்பதும் அதில் அடக்கம். இந்த அன்றாட அறிவுதான் விருந்துச் சமையலைவிட வேகமாக மறைகிறது. ஏனென்றால் அதை யாரும் பாரம்பரியம் என்று நினைப்பதில்லை.

மாசி: மாலத்தீவிலிருந்து வந்த உறவு

சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்தால் மாசி. மாலத்தீவின் திவேஹி மொழியில் மஸ் என்றால் மீன். 1343இல் மாலத்தீவுக்குப் போன இப்னு பதூதா, அங்கு மீனை நான்காக அறுத்து இலேசாக வேகவைத்து, ஓலைக் கூடைகளில் போட்டுப் புகையில் தொங்கவிட்டுக் காயவைப்பதை எழுதியிருக்கிறார். அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதையும் குறிப்பிடுகிறார். நம் வீட்டு ஜாடியில் இருக்கும் மாசித்தூளுக்குக் கிட்டத்தட்ட 700 ஆண்டு எழுத்துச் சான்று இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறி, கட்டுமானப் பொருள் முதலியவற்றை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவது நம் காலத்திலும் தொடரும் தொழில். இலங்கையோடான கடல்வழி உறவு அப்படி நிலைக்கவில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய பயணிகள் கப்பல் அந்த ஆண்டே நின்றுபோனது.

மாசிச் சம்பால் செய்வது எளிது. மாசியை இடித்துத் தூளாக்கி, சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து உரலில் தட்டி, எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று. மிக்சியில் அரைத்தால் விழுதாகிவிடும், ருசி மாறும். தட்டினால்தான் ஒவ்வொரு வாயிலும் மாசி தனியாகத் தெரியும். மீன் கிடைக்காத மழைக்காலத்திலும், கப்பலில் போகும் பயணத்திலும், வளைகுடாவில் தனியாக இருக்கும் வாப்பாவின் அறையிலும் உதவிய உணவு இது.

ரமளான் பண்டங்கள்

அஸருக்கு முன்பே பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வந்துவிடுவது முத்துக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் பார்க்கும் காட்சி. நோன்புக் கஞ்சி தமிழ் முஸ்லிம்களின் தனி அடையாளம். அரபு நாட்டிலோ வட இந்தியாவிலோ இந்தக் கஞ்சியை இப்படிக் காண முடியாது. தமிழக அரசு ரமளானில் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குவதும் இக்கஞ்சிக்காகத்தான்.

வீட்டில் ஆறு பேருக்குக் கறிக்கஞ்சி ஆக்க ஒரு கணக்கு: பச்சரிசிக் குருணை 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் 1 தேக்கரண்டி, கொத்துக்கறி 100 கிராம், தண்ணீர் 2 லிட்டர், அரைமூடித் தேங்காயின் பால். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், மல்லி, புதினா, ரம்பை இலை ஆகியவற்றை வதக்கிக் கறியைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் குருணை, பருப்பு, வெந்தயத்தைப் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்க வேண்டும். பகல் முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு நீரும் மாவும் புரதமும் உப்பும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன. வெந்தயம் வயிற்றுச் சூட்டைத் தணிக்கும் என்பது பெரியவர்களின் அனுபவம்.

கஞ்சிக்குத் துணை வாடா. அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, இறாலோ கறியோ வைத்துப் பொரிப்பது. நாகூர், கீழக்கரை, காயல் என்று கடலோரம் முழுவதும் வாடா உண்டு. ஊருக்கு ஊர் வடிவமும் உள்ளீடும் வேறு. இன்னொன்று கடல்பாசி. பாசியைக் காய்ச்சி, சீனியும் பாலும் அல்லது இளநீரும் சேர்த்து உறையவைத்து, துண்டு போட்டு நோன்பு திறக்க வைப்பார்கள். அகர் அகர் என்ற அதன் மலாய்ப் பெயரே அது எந்தத் திசையோடு நமக்கிருந்த உறவைச் சொல்கிறது என்பதைக் காட்டும். மன்னார் வளைகுடாவிலும் இந்தப் பாசி வளர்கிறது. இராமேசுவரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் இறங்கி அதைச் சேகரிக்கிறார்கள்.

வட்டிலாப்பமும் தம்மடையும்

பெருநாள் காலையில் வட்டிலாப்பம் இல்லாத வீடு கடலோரத்தில் அரிது. வட்டிலில் ஊற்றி அவிப்பதால் இப்பெயர். இலங்கையில் கித்துள் கருப்பட்டியில் செய்கிறார்கள். நம் பக்கம் சீனியிலும் பனங்கருப்பட்டியிலும் செய்வார்கள். 10 முட்டைக்கு 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 350 முதல் 400 கிராம் சீனி அல்லது கருப்பட்டி, ஏலக்காய், முந்திரி. முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கலக்க வேண்டும். கலவையைத் துணியில் வடிகட்ட வேண்டும். மிதமான ஆவியில் 30 முதல் 40 நிமிடம் அவிக்க வேண்டும். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாக வரும். மூடியிலிருந்து நீர் சொட்டினால் மேல்புறம் கெடும், அதனால் மூடிக்குத் துணி கட்டுவார்கள். எந்தப் புத்தகமும் சொல்லாத இத்தகைய சின்ன விஷயங்களில்தான் பக்குவம் இருக்கிறது.

தம்மடை இன்னும் நுணுக்கமானது. ரவை அல்லது அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி, நெய் சேர்த்துச் சட்டியில் ஊற்றி, கீழேயும் தணல், மூடியின் மேலேயும் தணல் வைத்துப் பொறுமையாக வேகவைப்பது. மின்சார அடுப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பெண்கள் தணலை வைத்து கேக் சுட்டிருக்கிறார்கள். இன்று ஓவனில் செய்கிறார்கள். நன்றாகத்தான் வருகிறது, ஆனால் தணலின் மணம் அதில் இருக்காது.

அண்டை ஊர்கள் தந்தவை

எந்தச் சமையலும் தனியாக வாழ்வதில்லை. காயலுக்குத் தெற்கே உடன்குடி. அங்கு பனையேறிகள் இறக்கும் பதநீரில் காய்ச்சும் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காயல் மக்கள் எப்போதும் வாயில் ஓர் இலையை மென்றபடி இருப்பார்கள் என்று மார்க்கோ போலோ எழுதினாரே, அந்த வெற்றிலை இன்றும் இதே வட்டாரத்தில் விளைகிறது. உப்பு தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்பளங்களிலிருந்து. மீன் பரதவ மீனவர்களின் வலையிலிருந்து. தூத்துக்குடி நகரின் முந்திரி மக்ரூன் போர்ச்சுக்கீசியத் தொடர்பால் வந்ததென்பர். நம் பெருநாள் தட்டிலும் அது இடம் பிடித்துவிட்டது. நாடார், பரதவர், முஸ்லிம் என்று பலர் உழைப்பு சேர்ந்தே நம் ஒரு வேளைச் சோறு ஆகிறது. உணவு மரபைக் காப்பது என்றால் பனையேறியையும் கொடிக்கால் விவசாயியையும் மீனவரையும் காப்பதும் அதில் சேரும்.

தாய்வீட்டு அடுப்பு

இவ்வளவு நுணுக்கம் எழுத்தில் இல்லாமல் எப்படி இத்தனை தலைமுறை கடந்தது? பதில் காயலின் குடும்ப அமைப்பில் இருக்கிறது. இங்கு கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. அதனால் உம்மம்மா, உம்மா, லாத்தா, தங்கை, மகள் என்று பெண்கள் ஒரே வீட்டில் அல்லது அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தார்கள். வீடுகளுக்கு இடையே பெண்கள் மட்டும் போய்வர ஒதுக்கிய சந்துகள் இருந்தன. ஒரு வீட்டு ஆணம் அந்தச் சந்து வழியாக இன்னொரு வீட்டுக்குப் போகும், அதே கிண்ணத்தில் வேறொரு பண்டம் திரும்பி வரும்.

அடுப்பு இடம் மாறவில்லை, எனவே பக்குவமும் மாறவில்லை. ஆண்கள் கடல்கடந்து சம்பாதிக்கப் போன காலத்தில் வீட்டை நடத்தியவர்கள் இந்தப் பெண்கள். சமையல் அவர்களுக்கு வேலை மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் துணையாகவும் இருந்தது. எழுதி வைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. கேட்டால் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

இன்று நிலைமை வேறு

இப்போது மகள் சென்னையிலோ துபையிலோ ஹாங்காங்கிலோ கணவரோடு இருக்கிறாள். கேட்க வேண்டுமானால் போன் செய்ய வேண்டும். "கொஞ்சம் போடு, பதமா இறக்கு" என்ற உம்மாவின் பதில் போனில் புரிவதில்லை. அவள் யூடியூபில் வேறு ஊர்ச் செய்முறையைப் பார்த்து ஆக்குகிறாள். பிள்ளைகளுக்கு அதுவே வீட்டு ருசியாகிவிடுகிறது.

விருந்துகளும் மாறுகின்றன. மண்டபம் வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்டரிங் ஆட்களிடம் ஒப்படைக்கிறார்கள். எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரே பிரியாணி, ஒரே ஐஸ்கிரீம் என்றாகிவருகிறது. வயதான பண்டாரிகளிடம் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவதில்லை. வந்தால் அந்தத் தொழிலில் வருமானமும் மரியாதையும் இருக்க வேண்டுமல்லவா? பண்டாரியைச் சமையலறைப் பின்வாசலிலேயே அனுப்பிவிட்டு, மரபு அழிகிறது என்று நாம் வருந்துவதில் நியாயமில்லை.

இரண்டு விஷயங்களை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். முதலாவது, மரபு என்ற பெயரில் ஆடம்பரத்தை வளர்க்கக் கூடாது. களரியின் அழகு பகிர்ந்து உண்பதில் இருந்தது, வகைகளின் எண்ணிக்கையில் அல்ல. ஏழைத் தகப்பன் கடன் வாங்கிச் சட்டி ஏற்ற வேண்டிய நிலை வந்தால் அது மரபு அல்ல, சுமை. இரண்டாவது, நெய்ச்சோறும் வட்டிலாப்பமும் விசேஷ நாள் உணவாக இருந்தவை. அவற்றை வாரத்துக்கு மூன்று நாள் உண்டு, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுவது முன்னோர் வழி அல்ல. அவர்களின் அன்றாட உணவு கஞ்சியும் மீனாணமும் கீரையும்தான். காக்க வேண்டிய பட்டியலில் அவை முதலில் வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய நிதியோ கட்டடமோ தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்கலாம்.

1. உம்மாவோ உம்மம்மாவோ சமைக்கும்போது பக்கத்தில் ஒரு தராசை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அள்ளும் கைப்பிடியைச் சட்டியில் போடுமுன் நிறுத்து எழுதுங்கள். ஒருமுறை போதாது, மூன்று முறை நிறுத்து சராசரி எடுங்கள்.

2. அளவோடு பதத்தையும் எழுதுங்கள். எண்ணெய் எப்போது பிரிகிறது, நிறம் எப்படி மாறுகிறது, எந்த மணம் வந்ததும் அடுத்ததைப் போட வேண்டும் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். ஆணத்தைக் குழம்பு என்று திருத்தாதீர்கள்.

3. சட்டி, அடுப்பு, விறகு, உரல் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். மண்சட்டியில் வந்தது குக்கரில் வராமல் போகலாம்.

4. கைப்பேசியில் கைகளை மட்டும் படமெடுக்கலாம். முகம் வர வேண்டாம் என்று நினைக்கும் பெண்களுக்கு இது வசதி. அனுமதி பெறாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

5. யாரிடம் கற்றார், எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த விசேஷத்துக்குச் செய்வார்கள் என்ற கதையையும் கேளுங்கள். செய்முறையைவிட விரைவில் மறந்துபோவது அந்தக் கதைதான்.

6. கெட்டுப்போன அனுபவங்களையும் பதியுங்கள். வட்டிலாப்பம் ஏன் நீர்விட்டது, தம்மடை ஏன் அடிப்பிடித்தது என்பது புதிதாகச் செய்பவருக்கு மிகவும் உதவும்.

7. மஹல்லாக்களும் வெளிநாடுகளில் இயங்கும் காயல் நல மன்றங்களும் இந்த நோட்டுகளைத் திரட்டி நூலாக்கலாம். பண்டாரிகளை அழைத்துப் பயிற்சி முகாம் நடத்தி, அவர்களுக்கு உரிய சன்மானம் கொடுக்கலாம். கல்லூரி மாணவிகள் தம் தெருவின் சமையலை ஆய்வேடாக எழுத ஊக்குவிக்கலாம்.

8. ஆண்பிள்ளைகளையும் அடுப்பங்கரைக்கு அனுப்புங்கள். களரிச் சட்டியைக் கிண்டுவது ஆண்கள்தானே. வீட்டு ஆணத்தை ஆக்கக் கற்பதில் என்ன குறை?

முத்து தரும் பாடம்

தூத்துக்குடிக் கடலில் 1955 தொடங்கி சில ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடந்தது. 1961க்குப் பிறகு நடக்கவில்லை. பார்களில் சிப்பி பெருகவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆனால் ஆயிரமாண்டுக்கும் மேலாக இந்தக் கரையை உலகுக்கு அறிமுகப்படுத்திய அந்தத் தொழில் திரும்பவில்லை. மூச்சடக்கி மூழ்கியவர்கள், சிப்பியைப் பார்த்தே தரம் சொன்னவர்கள் எல்லோரும் தங்கள் அறிவோடு போய்விட்டார்கள்.

கடலில் சிப்பி குறைந்ததற்கு நாம் பொறுப்பல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். அடுப்படியில் இருக்கும் அறிவு போனால் அப்படிச் சொல்ல முடியாது. அது நம் வீட்டில், நம் கண்முன்னே, நம்மோடு பேசிக்கொண்டிருக்கும் மூதாட்டிகளிடம் இருக்கிறது. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது உம்மா கொடுத்தனுப்பும் மாசிப் பொட்டலத்தை வாங்கிப் பையில் போடுமுன், அரைமணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிச் செய்யறீங்க உம்மா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு பக்கம் உங்கள் பேரப்பிள்ளைகளின் சஹனில் சோறாக வரும்.